பூ கொட்டுகிறது, பிஞ்சு நிற்கவில்லை: தேனீப் பெட்டி வாங்கலாமா?

வாசகர் கேள்வி:

ஐயா, பாலிக் பூலாவில் எங்களுக்கு மூன்று ஏக்கர் டுரியான் தோட்டம் இருக்கிறது. அப்பா ஒரு தவுக்கேயிடம் வேலை பார்த்து, சிறுகச் சிறுகச் சேர்த்து, அவரிடமே வாங்கிய நிலம். நான் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறேன். சனி, ஞாயிறு மட்டும்தான் தோட்டத்துக்குப் போக முடிகிறது. பதினொரு வருடத்துக்கு முன் பழைய கம்பத்து மரங்களை வெட்டிவிட்டு முழுக்க முசாங் கிங் என்ற டுரியான் ரகத்தின் ஒட்டு வைத்தேன். இப்போது 80 மரம் நிற்கிறது. மூன்று வருடமாகப் பூ கொள்ளாமல் பூக்கிறது. காலையில் போனால் தரை வெள்ளையாகக் கிடக்கிறது, பிஞ்சு மட்டும் நிற்பதில்லை. நிற்கிற சில காயும் ஒரு பக்கம் வீங்கி ஒரு பக்கம் சப்பையாக இருக்கிறது. ராத்திரியில் வௌவால் வருகிறது. அதுதான் பூவைக் கடித்துப் போடுகிறது என்று பக்கத்துத் தோட்டக்காரர் வலை கட்டச் சொல்கிறார். கலிபோர்னியாவில் இருக்கும் அக்கா மகன் பாதாம் தோட்டத்து வீடியோ ஒன்று அனுப்பினான். வரிசையாகத் தேனீப் பெட்டி வைத்திருக்கிறார்கள். இங்கே ஒருவர் கெலுலுட் (கொடுக்கில்லாச் சின்னத் தேனீ) பெட்டி ஒன்று 350 வெள்ளி என்று 12 பெட்டி தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? வலை கட்டலாமா? ஓடையோரம் மிச்சமிருக்கிற இரண்டு பழைய மரத்தையும் எடுத்துவிட்டு முசாங் கிங் வைக்கலாம் என்றும் இருக்கிறேன். படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

தம்பி, முதலில் மூன்று காரியத்தை நிறுத்தி வையுங்கள். பெட்டிக்காரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். வலை வாங்க வேண்டாம். ஓடையோரத்து மரங்கள்மேல் பாராங் கத்தி படவே கூடாது. அந்த இரண்டு மரம்தான் இப்போது உங்கள் தோட்டத்தின் உயிர். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தரையில் கிடப்பது இதழும், கொத்துக் கொத்தாகக் கேசரமும், அதாவது மகரந்தப்பை தாங்கும் இழைகளும்தான். முழுப்பூ ஒன்றுகூட இல்லை. நடுவில் இருக்க வேண்டிய சூலகம், அந்த நீளக் காம்பும் நுனியில் மஞ்சள் குமிழுமாக இருக்குமே, அது எந்தப் பூவோடும் விழவில்லை. அப்படியென்றால் அது கிளையிலேயே நிற்கிறது. அடுத்த முறை பூக்கும்போது காலையில் தரையைப் பார்த்துக் கலங்காமல் கிளையை அண்ணாந்து பாருங்கள். பூ கொட்டிய இடத்தில் எல்லாம் ஊசி நட்டதுபோல் சூலகம் நின்றுகொண்டிருக்கும். வௌவால் கடித்துப் போட்டிருந்தால் அது நிற்காது. இதழ் உதிர்வது டுரியான் பூவின் சொந்தக் குணம்.

அந்தப் பூவுக்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு மொட்டு விரியத் தொடங்கும். முதலில் சூலகமுடி, அந்த மஞ்சள் குமிழ், வெளியே எட்டிப் பார்க்கும். தொட்டால் பிசுபிசுக்கும். அப்போதே அது மகரந்தத்துக்குத் தயார். ஆனால் அதே பூவின் மகரந்தப்பை வெடிப்பதற்கு ராத்திரி ஏழு, எட்டு மணி ஆகிவிடும். புளித்த பால்போல் ஒரு வாசனை தோட்டம் முழுக்க அடிக்கும். பூவுக்குள் தேன் ததும்பும். நள்ளிரவு தாண்டினால் இதழும் கேசரமும் கழன்று விழ ஆரம்பிக்கும். விடியும்போது மரத்தடி வெள்ளையாகிவிடும். நீங்கள் சனிக்கிழமை காலையில் போய்ப் பார்ப்பது, முந்தின ராத்திரி நடந்து முடிந்த கல்யாணப் பந்தலைத்தான். மாப்பிள்ளை வந்தாரா இல்லையா என்பது அங்கே கிடக்கிற பூவில் தெரியாது. வாரம், பத்து நாள் கழித்துக் கிளையில்தான் தெரியும். மகரந்தம் ஒட்டாத சூலகம் மஞ்சளித்துக் காம்போடு விழும். அந்த விழுதல்தான் கணக்கு. அதை நீங்கள் இதுவரை எண்ணிப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் அக்கா மகன் அனுப்பிய வீடியோவுக்கு வருவோம். அது நல்ல வீடியோ. ஆனால் அவன் படம் பிடித்தது பாதி விஷயத்தை மட்டும். (நம் ஊர்ச் சாலையோரத்தில் நிற்கிற கெத்தாப்பாங்கைச் சிலர் பாதாம் மரம் என்பார்கள். அது வேறு குடும்பம். இது பீச் பழத்தின் உறவு, குளிர்காலம் இல்லாமல் பூக்காது.) உலகத்துப் பாதாமில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு கலிபோர்னியாவிலிருந்து வருகிறது. பத்து லட்சம் ஏக்கருக்கு மேல். பிப்ரவரியில் அத்தனையும் ஒரே சமயத்தில் பூக்கும். ஏக்கருக்கு இரண்டு பெட்டி என்று கணக்கு வைத்து, அமெரிக்காவின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் லாரியில் தேனீயைக் கொண்டுவந்து இறக்குவார்கள். ஏன் அவ்வளவு பாடு? மாம்பழம், டுரியான் மாதிரி இல்லை பாதாம். நமக்கு ஒரு மரத்தில் ஆயிரக்கணக்கான பூவில் நாற்பது, ஐம்பது காய் நின்றால் போதும், கிளை தாங்கினால் சரி. பாதாமில் கொட்டைதான் சரக்கு. பூவில் நான்கில் ஒரு பங்காவது காயாக வேண்டும், அப்போதுதான் விவசாயிக்குக் கட்டும். மேலும் அங்கே பிப்ரவரி குளிர். சுமார் 13 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தேனீ பெட்டியை விட்டு அதிகம் வெளியே வராது. மழை, காற்று என்றாலும் வராது. பூவோ சில நாள்தான் காத்திருக்கும். கிடைக்கிற சில மணி நேர வெயிலில் வேலை முடிய வேண்டும், அதற்காகத்தான் அத்தனை பெட்டி.

சரி, வீடியோவில் தெரியாத பாதி எது? அந்த வரிசைகளைக் கவனித்திருக்க மாட்டீர்கள், பூ எல்லாம் வெள்ளையாகத்தானே இருக்கும். ஒரு வரிசை நான்பரேல் என்ற ரகம் என்றால் அடுத்த வரிசை வேறொரு ரகம். மான்டெரேயோ, கார்மெலோ, ஏதோ ஒன்று. மாற்றி மாற்றி நட்டிருப்பார்கள். நான்பரேல்தான் நல்ல விலைக்குப் போகும். அப்படியிருந்தும் தோட்டம் முழுக்க அதை மட்டும் நட அவர்களுக்குத் தைரியம் இல்லை. காரணம், நான்பரேல் பூ நான்பரேல் மகரந்தத்தை ஏற்காது. தன் மகரந்தம் சூலகமுடியில் விழுந்தால் அது முளைக்கும், குழல் விட்டு உள்ளே இறங்கும், பாதி வழியில் சூலகத்தண்டு அதை அடையாளம் கண்டு நிறுத்திவிடும். வேற்று ரகத்து மகரந்தம் என்றால் வழி விடும். இது நூறு வருடத்துக்கு மேலாக அங்கே தெரிந்த விஷயம். இரண்டாவது ரகம் போதாமல் போன தோட்டத்தில், வேறு ரகத்தின் பூத்த கிளைகளை வெட்டி, தண்ணீர் வாளியில் நிறுத்தி, மரத்துக்கு மரம் வைத்த விவசாயிகள்கூட உண்டு. தேனீ அதில் உட்கார்ந்துவிட்டு வரட்டும் என்று. இரண்டு ரகம் என்றால் அறுவடையைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும், செலவு கூடும். அதனால் இப்போது தன் மகரந்தத்திலேயே காய்க்கிற இண்டிபெண்டன்ஸ் போன்ற ரகங்களும் வந்திருக்கின்றன. ஆனால் பெரும்பாலான பாதாம் தோட்டம் இன்னும் கலந்துதான் நிற்கிறது.

ஆக, தேனீ தூக்கிக்கொண்டு போகிற வேலையைத்தான் செய்யும். தூக்குவதற்கு வேற்று மகரந்தம் தோட்டத்தில் இருக்க வேண்டும். ஏக்கருக்கு இருபது பெட்டி வைத்தாலும் ஒரே ரகம் நின்றால் அங்கேயும் காய் பிடிக்காது.

இனி உங்கள் தோட்டம். 80 முசாங் கிங் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணிக்கையில் 80, உள்ளுக்குள் அது ஒரே மரம். ஒட்டுக்கன்று எல்லாம் ஒரே தாய் மரத்தின் குச்சியிலிருந்து வந்தவை. டி 197 என்று 1993இல் பதிவான அந்த ஒரு மரத்தின் கிளைகளைத்தான் நீங்கள் 80 இடத்தில் நட்டிருக்கிறீர்கள். ஐந்தாவது மரத்துப் பூவின் மகரந்தம் நாற்பதாவது மரத்துப் பூவுக்குப் போனாலும், அது தன் மகரந்தம் தனக்கே போனது போலத்தான். டுரியானில் பெரும்பாலான ரகங்கள் தன் மகரந்தத்தைச் சரியாக ஏற்பதில்லை. பாதாம் அளவுக்குக் கறாராக எல்லா ரகமும் இல்லை, சில கொஞ்சம் பிடிக்கும். அப்படிப் பிடித்ததும் பாதியில் விழும், இல்லையென்றால் கோணலாக வளரும்.

அந்தக் கோணல் காயைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், உங்கள் கடிதத்திலேயே முக்கியமான சாட்சி அதுதான். டுரியான் காய்க்குள் ஐந்து அறை. ஒவ்வோர் அறையிலும் உள்ள சூலில் மகரந்தம் சேர்ந்தால்தான் கொட்டை உண்டாகும். கொட்டை உண்டானால்தான் அதைச் சுற்றிச் சுளை வைக்கும், அந்தப் பக்கத்து ஓடும் வளரும். இரண்டு அறையில் மட்டும் சேர்ந்தது என்றால் அந்த இரண்டு பக்கம் வீங்கும், மற்றது சப்பையாக நின்றுவிடும். அடுத்த முறை அப்படி ஒரு காய் விழுந்தால் விற்க முடியாது என்று தூக்கி எறியாமல் குறுக்கே வெட்டிப் பாருங்கள். சப்பைப் பக்கத்தில் அறை காலியாக இருக்கும், வெள்ளைப் பஞ்சு மட்டும். பூச்சியோ சத்துக்குறைவோ காரணமாக இருந்தால் காய் இப்படி ஒரு பக்கமாகப் பிரிந்து கோணுவது அரிது. உங்கள் மூன்றாவது படத்தில் இருக்கிற காய், எனக்குத் தெரிந்தவரை, மகரந்தம் போதாத காய்தான்.

உங்கள் அப்பா காலத்தில் இந்தப் பிரச்சினை ஏன் இல்லை? அப்போது நின்றது கம்பத்து மரங்கள். கொட்டை போட்டு முளைத்தவை. அண்ணன் தம்பி மாதிரி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். ஒன்று கசக்கும், ஒன்று இனிக்கும், ஒன்றின் சுளை வெளிறியிருக்கும். விலை இல்லாமல் இருக்கலாம், ஆனால் பத்து மரம் நின்றால் பத்து ரகம். மகரந்தம் எங்கிருந்து எங்கே போனாலும் அது வேற்று மகரந்தம். ஓடையோரத்தில் மிச்சமிருக்கிற இரண்டும் அப்படிப்பட்ட மரம்தான். ஜாதிக்காய்த் தோட்டம் வைத்திருந்த பாலிக் பூலாக்காரர்கள் யாரையாவது கேளுங்கள். ஜாதி மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் விட்டு வைக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. காய்க்காத அந்த ஆண் மரத்தை யாரும் வீண் என்று வெட்டுவதில்லை. டுரியானில் ஆண் பெண் என்று கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லாததால் நாம் அந்தப் பாடத்தை இங்கே மறந்துவிட்டோம். முசாங் கிங் விலை ஏறியதும் ஊரெல்லாம் மற்ற மரத்தை வெட்டியதை நானே பார்த்தேன். உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம் வௌவால். இதை எழுதும்போது எனக்கு மனசு கனக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தோட்டக்காரர் உங்களைப் போலவே தரையில் கிடந்த பூவைக் காட்டி வௌவால்மேல் பழி போட்டார். பட்டாசு வெடித்து விரட்டுங்கள் என்று சொன்னவன் நான்தான். இரண்டு பூக்காலம் அவர் விரட்டினார். காய் இன்னும் குறைந்தது. மூன்றாம் வருடம் அவரோடு ராத்திரி தோட்டத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. ஏழரை மணி வாக்கில் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு பூவின்மேல் இறங்கி, இறக்கையால் அணைத்தபடி முகத்தை உள்ளே நுழைத்து, ஒரு விநாடி, இரண்டு விநாடி, பிறகு அடுத்த பூ. டார்ச் வெளிச்சத்தில் ஒன்றின் கழுத்தும் மார்பும் மஞ்சள் பொடி பூசியதுபோல் இருந்தது. அது அத்தனையும் மகரந்தம். எந்தப் பூவும் விழவில்லை.

அது குகைத்தேன் வௌவால். பழம் தின்கிற பெரிய கலுவாங் இல்லை, கையளவுதான் இருக்கும். நாக்கு நீளம், நுனியில் தூரிகைபோல் முடி. பூந்தேனும் மகரந்தமும்தான் அதற்குச் சாப்பாடு. நாம் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் போகிறோமே, அந்தப் பத்துமலைக் குகையிலும் இந்த வௌவால் கூட்டம் வசிக்கிறது. 1970களில் ஆராய்ச்சியாளர்கள் அங்கே வௌவால் எச்சத்தில் இருந்த மகரந்தத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். டுரியான், பெத்தாய், வாழை எல்லாம் இருந்தது. கடலோரச் சதுப்பு நிலத்துப் பூவின் மகரந்தமும் இருந்தது. பத்துமலையிலிருந்து அந்தக் கடலோரம் முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஒரே ராத்திரியில் அவ்வளவு தூரம் போய்த் திரும்புகிற பிராணி அது. எந்தப் பெட்டித் தேனீயாலும் இது முடியாது. பெரிய கலுவாங்கையும் சேர்த்துச் சொல்கிறேன். தியோமான் தீவில் நம் நாட்டு ஆய்வாளர் ஷீமா அப்துல் அஜீசும் அவரோடு இருந்தவர்களும் டுரியான் மரத்தில் கேமரா கட்டிப் பார்த்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே கலுவாங் பூவை நாசம் செய்யவில்லை, தேன் குடித்துவிட்டுப் போனது, காய் பிடிக்க உதவியது. வலை கட்டச் சொன்ன பக்கத்துத் தோட்டக்காரருக்கு இதைச் சொல்லுங்கள். அவர் தோட்டத்துக்கும் அதே வௌவால்தான் வருகிறது.

வௌவால் என்றதும் வீட்டில் நிப்பா வைரஸ் பயம் வரும். 1998, 99இல் நம் நாட்டில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. அந்தக் கிருமி கலுவாங்கிடமிருந்து பன்றிப் பண்ணைக்குப் போய், அங்கிருந்து மனிதருக்கு வந்தது. மரத்தில் ராத்திரி வந்து போகிற வௌவாலால் உங்களுக்குப் பயம் வேண்டாம். ஆனால் செத்த வௌவாலையோ அடிபட்டதையோ வெறுங்கையால் தொடாதீர்கள், பிள்ளைகளையும் தொட விடாதீர்கள். வலை கட்டினால் சிக்கியதை எடுக்க வேண்டி வரும். வலை வேண்டாம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கெலுலுட் பெட்டி பற்றி நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். தேனுக்காக வாங்கினால் வாங்குங்கள், நல்ல பொருள். டுரியான் காய்க்க வேண்டும் என்பதற்காக 4,200 வெள்ளி போடாதீர்கள். கெலுலுட் பகலில் வேலை செய்கிற பூச்சி. மகரந்தப்பை வெடிக்கிற நேரத்தில் அது கூட்டுக்குள் இருக்கும். காலையில் கேசரத்தில் மிச்சமிருப்பதை வழித்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். உருவமும் சிறிது. நீட்டி நிற்கிற சூலகமுடியைத் தொடாமலே உள்ளே போய் வந்துவிடும். பெரிய மலைத்தேனீ வேறு. துவாலாங் மரத்தில் அடை கட்டித் தொங்குமே, அது அந்தி மங்கும் நேரத்திலும் நிலா வெளிச்சத்திலும்கூட டுரியான் பூவுக்கு வரும், உதவியும் செய்யும். ஆனால் அதை யாரும் பெட்டியில் அடைத்து விற்க முடியாது.

அப்படியானால் என்ன செய்வது? இந்த வருடப் பூ போய்விட்டது. அடுத்த வறட்சிக்குப் பிறகு கிளையில் மொட்டு கண் திறக்கும். இங்கே மாத்தா கெத்தாம் என்பார்கள், நண்டுக் கண். அதைப் பார்த்த நாளிலிருந்து பூ விரிய ஒன்றரை, இரண்டு மாதம் இருக்கும். அந்த அவகாசம் உங்களுக்குப் போதும்.

பூ விரிகிற வாரத்தில் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். செலவு பத்து வெள்ளிகூட ஆகாது. எட்டுகிற உயரத்தில் மூன்று முசாங் கிங் மரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பூங்கொத்து. ஒரு கொத்துக்கு வெள்ளை ரிப்பன், அதை அப்படியே விட்டுவிடுங்கள், வருவது வரட்டும். மற்ற இரண்டையும் பிற்பகலிலேயே கொசுவலைத் துணியில் பை தைத்து மூடிவிடுங்கள். ராத்திரி எட்டு மணி போலப் பையைத் திறந்து, மஞ்சள் ரிப்பன் கட்டிய கொத்துக்கு முசாங் கிங் மகரந்தத்தையே வையுங்கள். சிவப்பு ரிப்பன் கட்டிய கொத்துக்கு ஓடையோரத்து மரத்தின் மகரந்தத்தை வையுங்கள். திரும்ப மூடிவிட்டு மறுநாள் பையை எடுத்துவிடலாம். ஒவ்வொரு கொத்திலும் எத்தனை பூ என்று அன்றைக்கே எழுதி வையுங்கள், பிறகு ஞாபகம் இருக்காது. மூன்று வாரம் கழித்து எண்ணுங்கள். சிவப்பில் பிஞ்சு நின்று மற்ற இரண்டிலும் விழுந்தால் நான் சொன்னதுதான் நோய், வேற்று மகரந்தம் இல்லை. சிவப்பைப் போலவே மஞ்சளிலும் நின்றால், மரம் தன் மகரந்தத்தை ஏற்கிறது, கொண்டுவர ஆள்தான் போதவில்லை என்று அர்த்தம். மூன்றிலும் விழுந்தால் வேரையும் உரத்தையும் பார்க்க வேண்டும், அப்போது மறுபடி எழுதுங்கள்.

சோதனை நடக்கும்போதே காய்க்கும் வழி பார்க்கலாம். தாய்லாந்தில் மோன்தோங் ரகத்துக்குச் சானீ ரகத்து மகரந்தத்தைக் கையால் வைப்பது பழகிப்போன வேலை. நீங்களும் மனைவியுமாக நான்கைந்து ராத்திரி ஒதுக்கினால் போதும். ஏழு, ஏழரைக்கு ஓடையோரத்து மரத்தில் கேசரத்தைக் கத்தரித்து ஓர் அகலமான கிண்ணத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பை வெடித்துப் பொடி ஒட்ட ஆரம்பித்ததும், மென்மையான பெயின்ட் பிரஷ்ஷை அதில் புரட்டி, முசாங் கிங் பூவின் மஞ்சள் குமிழில் ஒரு தடவு. ஒரு தடவு போதும், தேய்க்க வேண்டாம். உயரக் கிளைக்குப் பிரஷ்ஷை நீளக் கழியில் கட்டிக்கொள்ளலாம். எல்லாப் பூவுக்கும் வைக்க ஆசைப்படாதீர்கள். பருமனான, படுக்கை வாட்டத்தில் போகிற கிளைகளாகப் பார்த்து, தண்டை ஒட்டிய கொத்துகளுக்கு மட்டும் வையுங்கள். நுனிக் கிளையில் காய் பிடித்தால் கிளைதான் ஒடியும். பதினொரு வயது மரத்துக்கு முப்பது, நாற்பது நல்ல காய் இருந்தால் திருப்திப்படலாம். இருட்டில் ஏணி வேண்டாம், மலைச் சரிவு அது. பெரிய விளக்கு போட்டால் வௌவால் ஒதுங்கிவிடும், தலையில் கட்டுகிற சின்ன விளக்கு போதும்.

ஒரு விஷயம் முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். ஓடையோரத்து மரமும் முசாங் கிங்கும் ஒரே வாரத்தில் பூக்கின்றனவா? தேதி குறித்துக்கொள்ளுங்கள். ஓடைப்பக்கம் ஈரம் அதிகம், அதனால் பூ பிந்தலாம். பிந்தினால் பக்கத்துத் தோட்டத்தில் டி 24 ரகம் நின்றால் அவரிடம் ஒரு பை கேசரம் கேளுங்கள். வலையைப் பற்றிப் பேசப் போகும்போது அதையும் பேசிவிடலாம்.

நிரந்தர வழி ஒட்டுத்தான். 80 மரத்தில் எட்டு, பத்து மரத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கிளையில் வேற்று ரகம் ஒட்டுங்கள். முழு மரத்தை இழக்க வேண்டியதில்லை. சில வருடத்தில் அந்தக் கிளை பூக்கும். டி 24 நல்லது. நம் பினாங்கு உடாங் மேரா கிடைத்தால் அதுவும் நல்லது. சுங்கை பாக்காப் பக்கத்திலிருந்து வந்த டி 200, எல்லோரும் பிளாக் தோர்ன் என்கிறார்களே, அதை வைத்தால் விலையும் கிடைக்கும். ஆனால் முதல் இரண்டு, மூன்று கிளைக்கு ஓடையோரத்து மரத்தின் குச்சியையே எடுங்கள் என்பேன். காசு செலவில்லை, அந்த மண்ணுக்குப் பழகிய மரம், உங்கள் அப்பா காலத்து மரம். ஒட்டுக்கட்ட ஆள் கிடைக்காவிட்டால் வட்டார விவசாய இலாகா அலுவலகத்தில் கேளுங்கள், ஒட்டுக் கட்டுபவர்களை அவர்களுக்குத் தெரியும்.

மற்றவை சுருக்கமாக. மொட்டு கண் திறந்ததிலிருந்து பிஞ்சு நிற்கும் வரை தழைச்சத்து உரம் போடாதீர்கள். துளிர் கிளம்பினால் பிஞ்சைத் தள்ளிவிடும். பூ விரிகிற நாட்களில் பூச்சி மருந்து வேண்டவே வேண்டாம், முக்கியமாகச் சாயங்காலத்தில். விடாமல் நான்கு ராத்திரி மழை பெய்தால் அந்தப் பூ போனதுதான், அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. வேலியோரம் வாழை வைத்திருந்தால் பூவை முழுக்க ஒடிக்காமல் சிலதையாவது விட்டு வையுங்கள். டுரியான் பூக்கிறது வருடத்தில் சில வாரம்தான், மற்ற மாதமெல்லாம் வௌவாலுக்கு வாழைப்பூவும் கடலோரத்துப் பெரெம்பாங் பூவும்தான் சோறு.

ரிப்பன் கணக்கை எனக்கு அனுப்புங்கள். வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று வரி, ஒவ்வொன்றிலும் எத்தனை பூவில் எத்தனை பிஞ்சு நின்றது என்று இருந்தால் போதும். கூடவே ஓடையோரத்து மரம் பூத்த தேதியும்.